ஒற்றை வரிசை

அவள் முதலில் கேட்டது இதுதான்:
"அதுக்கு என்ன, காலா இருக்கு?"

சலேத்து மேரி, வயது நாற்பத்து நான்கு, சின்னப்பாலம்.
இடுப்பு வலியை ஈரப் பாசி மூட்டையின் மேல் பழி போட்டு
எட்டு மாதம் கடத்தியவள்.
இராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியின் பின்கட்டில்
ஃபார்மலின் நெடியடிக்கும் அறையில்
அவள் மார்பின் ஒரு நெல்லளவை
மெழுகில் புதைத்துச் சீவிச் சாயமேற்றியவள் நான்.
நோயாளிகள் இந்தப் பக்கம் வருவதில்லை.
அவள் வந்தாள்,
ரிப்போர்ட்டைக் குழலாகச் சுருட்டிக்கொண்டு.

பழுப்புச் சாயம் ஒட்டவேண்டியது செல்லின் ஓரத்தில்.
இ-கேட்ஹெரின் என்று பெயர்:
பக்கத்துச் செல்லின் கையைப் பிடித்திருக்கும் புரதம்.
நல்ல திசுவில் தேனடை போலக் கோடு கோடாய்த் தெரியும்.
அவளுடையதில் வெறும் நீலக் கருக்கள்,
கைவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக
நாருக்கு நடுவே போய்க்கொண்டிருந்தன.

நீர் வற்றிய அதிகாலையில்
பாசி எடுக்கப் போகும் பெண்களைப்
பாம்பன் பாலத்து ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன்.
இடுப்பளவுத் தண்ணீர்.
முன்னவள் முதுகைப் பார்த்தபடி பின்னவள்.
அந்த நினைப்பை அவளிடம் சொல்லவில்லை.

காலில்லை என்றேன். வேண்டும்போது முளைக்கும்.
கரைவலை இழுக்கையில்
கயிற்றின் கடைசி ஆள் கைவிட்டு ஓடிப்போய்த்
தண்ணீர் ஓரத்தில் மறுபடி பிடிப்பானே,
ஆக்டின் அப்படி. பின்னால் கழன்று முன்னால் சேரும்.
செல்லின் முன்பக்கம் நாக்காய் நீளும்.
இன்டெக்ரின் எதிரிலுள்ள நாரைக் கவ்வும்.
மயோசின் வாலைச் சுருக்கி இழுக்கும்.
வழியில்லாவிட்டால் வெட்டுவதற்கும் ஒரு புரதம் உண்டு,
நண்டு மாட்டிய வலையில் விடிந்ததும் பார்ப்போமே, அந்த ஓட்டை.
ஒரு மணி நேரம் நடந்தாலும்
ஒரு தலைமுடியின் அகலம் தாண்டாது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
"எங்க தெப்பத்துப் பாசி மாதிரி" என்றாள் பிறகு.
மூங்கிலில் கட்டி வளர்த்தது
அறுந்து குருசடைத் தீவுக்குப் போய்ப்
பவளத்தின் மேல் படுத்துக்கொண்ட கதை.
பிடுங்கப் போனவர்களில் அவளும் ஒருத்தி, நாள்கூலிக்கு.
"ஒரு விரல் மிச்சம் விட்டாப் போதும், மறுபடி பாயா விரிஞ்சிரும்."
நான் தலையாட்டும் முன்னே அவளே மறுத்தாள்:
"இல்ல. பாசி போகல, நீவாடு கொண்டுபோச்சு.
இது தானா நடக்குதுங்கறீங்க."

ரெண்டும்தான்.
ரத்தக்குழாய் வரைக்கும் நடை. அப்புறம் நீவாடு.
முதுகெலும்பில் கரையேறினால் மறுபடி நடை.
குழாயில் விழுந்தவற்றில் ஆயிரத்தில் ஒன்று பிழைத்தால் அதிகம்.
அந்த ஒன்று போதும் என்பதை விழுங்கினேன்.
விழுங்கி என்ன,
ஒரு விரல் மிச்சத்தை அவள்தான் முதலில் சொன்னாள்.

புற்று என்று பெயர் வைத்தவர்கள்
கரையான் மேட்டைப் பார்த்தவர்களாக இருக்கவேண்டும்.
அது எங்கேயும் போகாது.

செருப்பைக் கழற்றி உள்ளங்காலைக் காட்டினாள்.
பவளம் கிழித்த பழைய தழும்பு, ஒரு சாண்.
"அப்ப இது எப்படி மூடிச்சு?"

அதே புரதங்கள்தான், சலேத்து மேரி.
காயத்தின் ஓரத்துச் செல்கள் பிடி தளர்ந்து
அதே நாக்கை நீட்டி, அதே நாரைக் கவ்வி
இந்தக் கரையிலிருந்தும் அந்தக் கரையிலிருந்தும் நடந்தன.
நடுவில் ஒன்றையொன்று தொட்டதும் நின்றன.
நிற்பது மட்டும்தான் இவற்றுக்கு மறந்துபோயிற்று.
அதற்கும் முன்னால், உங்கள் அம்மா வயிற்றில்,
முதுகோரத்திலிருந்து புறப்பட்டு வந்த செல்கள்
கூடிச் செய்தவைதான்
இப்போது என்னைக் கேள்வி கேட்கும் இந்தத் தாடை.

இதில் பாதியைத்தான் வாய்விட்டுச் சொன்னேன்.

அவள் விரல்களை மடக்கத் தொடங்கியிருந்தாள்.
இருபத்தொரு நாளுக்கு ஓர் ஊசி.
நாற்பத்தைந்து நாளில் பாசி அறுப்பு.
"ரெண்டு ஊசிக்கு ஒரு அறுப்பு.
மூணு நாள் இடிக்குது."

அந்த மூன்று நாளை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று
இருவரும் யோசித்துக்கொண்டிருந்தோம்.
மைக்ரோஸ்கோப்பின் விளக்கை
நான் அணைத்திருக்கவில்லை.